கட்டடப் பணியில் இடரும் ஐயப்பாடும்

(ஆழ்வார்பேட்டையில் நடைபெற்ற நம் கல்விக் கழக வெள்ளி விழாவில் நிகழ்த்திய உரை)



இவ்விழாவிற்கு வரும் வழியில் மெட்ரோ இரயில் பணிக்காக நிறுத்தப்பட்டுள்ள தகட்டுத் தடுப்புகளை நீங்கள் சுற்றி வந்திருப்பீர்கள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை 26 கிலோமீட்டருக்குச் செல்லும் நான்காம் வழித்தடத்தில், திருமயிலைக்கு அடுத்த நிலையமாக நம் ஆழ்வார்பேட்டை அமைகின்றது. நாம் நடக்கும் தெருவின் அடியில் நிலத்தைக் குடைந்து சுரங்கம் அமைக்கிறார்கள். மேலே பேருந்து ஓடுகின்றது. பள்ளிக்குப் பிள்ளைகள் செல்கின்றனர். கீழே என்ன மண், எங்கே பாறை, எவ்வளவு நீர் என்பதை முழுதும் அறிந்தவர் எவருமிலர். அறியாத நிலையிலும் பணி நடந்தாக வேண்டும். அங்ஙனம் நடத்துவது எப்படி என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

கட்டடம் என்பது நமக்குப் புதிய செய்தியன்று. இங்கே அமர்ந்துள்ள தந்தையருட் பலர் கொத்தனார்களாகவும், கம்பி கட்டுபவர்களாகவும், சென்ட்ரிங் வேலை செய்பவர்களாகவும் உழைத்தவர்கள். தாய்மாருட் பலர் சித்தாளாகச் செங்கல்லும் கலவையும் சுமந்தவர்கள். அவர்தம் பிள்ளைகளுள் சிலர் இன்று பொறியியல் பயில்கின்றனர். ஆகவே, இப்பொருளை நாம் பேசுவது பொருத்தமுடைத்து.

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. எண்ணிய பணத்தில் முடியாது, எண்ணிய நாளில் முடியாது என்பதே அதன் உட்கிடை. ஏன் முடிவதில்லை என்று ஆராய்ந்தோர் கூறுவனவற்றைச் சுருங்கக் காண்போம்.

முதற்கண் இரு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் பிராங்க் நைட் என்பார் 1921-இல் வெளியிட்ட நூலில் இடர் வேறு, ஐயப்பாடு வேறு என்று வகுத்தார். தாயக்கட்டையை உருட்டுகின்றோம், எந்த எண் விழும் என்பது தெரியாது, ஆயினும் விழக்கூடியவை யாவை, ஒவ்வொன்றும் விழும் வாய்ப்பு எவ்வளவு என்பன தெரியும். இது கணக்கிடத்தக்க இடர். கட்டைக்கு எத்தனை பக்கம் என்பதே தெரியாவிடின், அது ஐயப்பாடு. முன்னதைக் கணக்கினால் எதிர்கொள்ளலாம். பின்னதைக் கணக்கினால் மட்டும் வெல்லுதல் இயலாது. விழிப்பினாலும் பலரது அறிவைக் கேட்டுக்கொள்வதாலுமே வெல்ல முடியும்.

சென்னைக்கு இதனைப் பொருத்திப் பார்ப்போம். இந்நகரின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்வது. ஐப்பசியில் பள்ளம் தோண்டினால் நீர் நிற்கும் என்பது எல்லோரும் அறிந்த இடர். ஆனால் மண்ணுக்கு அடியில் இருப்பதோ ஐயப்பாடு. கடலோரத்தில் மணலும் களிமண்ணும். கிண்டி, பரங்கிமலை, பல்லாவரப் பக்கங்களில் கடும் பாறை. சார்னோகைட்டு என்னும் பாறை வகைக்குப் பெயர் வந்ததே, கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கு என்பவரின் கல்லறைக்குப் பயன்பட்ட இப்பகுதிக் கல்லினால்தான். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தில் மணலும் களியும் பாறையும் கலந்து கிடக்கின்றன. அதன்மேல் மனிதர் செய்த மாற்றங்களும் உள. 1920-களில் பழைய நெடும் ஏரியின் பரப்பைத் தூர்த்துத் தியாகராய நகர் உருவாயிற்று. எங்கே ஏரி, எங்கே கிணறு, எங்கே வாய்க்கால் இருந்தன என்பதைக் காகிதங்கள் மறந்துவிட்டன.

இவ்வையப்பாட்டின் விளைவைச் சென்னை கண்டிருக்கின்றது. மெட்ரோவின் முதற்கட்டப் பணி 2009-இல் தொடங்கிற்று. முதற்கண் 14,600 கோடி ரூபாய் என மதிப்பிட்டனர். பின்னர் அம்மதிப்பீடு உயர்ந்தது. அண்ணா சாலையின் கீழ்ச் சுரங்கம் அமைக்க ஏற்றிருந்த கூட்டு நிறுவனத்தின் ஒப்பந்தம் 2015-இல் இடையிலேயே முறிந்தது. வேறு ஒப்பந்தக்காரரைக் கொண்டு பணியைத் தொடர நேர்ந்தது. 2017 ஏப்ரல் 9-ஆம் நாள் அதே சாலை திடீரென உள்வாங்க, ஒரு மாநகரப் பேருந்தும் ஒரு மகிழுந்தும் பள்ளத்தில் இறங்கின. நற்பேறாக எவரும் உயிரிழக்கவில்லை. டி.எம்.எஸ். முதல் வண்ணாரப்பேட்டை வரையிலான பகுதி 2019 பிப்ரவரி 10-இல் திறக்கப்பட்டதோடுதான் 45 கிலோமீட்டர் கொண்ட அம்முதற்கட்டம் நிறைவுற்றது. இரண்டாம் கட்டமோ 118.9 கிலோமீட்டர், அதற்கு 63,246 கோடி ரூபாய் செலவில் மைய அமைச்சரவை 2024 அக்டோபர் 3-இல் ஒப்புதல் அளித்தது.

இது சென்னைக்கு மட்டும் உரிய குறையன்று. டென்மார்க்கைச் சேர்ந்த பேராசிரியர் பெண்ட் பிளைபியர்க் என்பாரும் அவர்தம் துணைவரும் 20 நாடுகளில் 258 போக்குவரத்துப் பணிகளை ஆராய்ந்து 2002-இல் முடிவு வெளியிட்டனர். பத்துப் பணிகளில் ஒன்பதில் செலவைக் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். இரயில் பணிகளில் உண்மைச் செலவு மதிப்பீட்டை விடச் சராசரியாக நூற்றுக்கு 45 மிகுந்திருந்தது. சாலைப் பணிகளில் நூற்றுக்கு 20. ஆஸ்திரேலியாவின் சிட்னி இசையரங்கம் 70 இலட்சம் டாலரில் 1963-இல் முடியும் என்றார்கள். 10 கோடியே 20 இலட்சம் டாலரில் 1973-இல் முடிந்தது.

காரணம் யாது? மண்ணும் மழையும் மட்டும் காரணமாயின், சில பணிகளில் செலவு கூடியும் சில பணிகளில் குறைந்தும் இருத்தல் வேண்டும். எப்போதும் ஒரு பக்கமே சாய்கின்றது எனின், தராசைப் பிடித்த கையில் பிழை உளது. டேனியல் கானமன், ஆமோசு டிவெர்ஸ்கி என்னும் இரு உளவியலறிஞர் 1979-இல் இதற்கொரு விளக்கம் தந்தனர். மனிதன் தன் பணியைத் திட்டமிடுங்கால் தன் பணியை மட்டுமே நோக்குகின்றான். அதுபோன்ற பணிகள் பிறர்க்கு எங்ஙனம் முடிந்தன என்பதை நோக்குவதில்லை. இது நன்னம்பிக்கையால் வரும் பிழை. இரண்டாவது பிழை நன்னம்பிக்கையால் வருவதன்று. குறைந்த தொகை சொன்னால்தான் ஒப்புதல் கிடைக்கும், ஒப்பந்தம் கிடைக்கும் என்று தெரிந்தே குறைத்துச் சொல்வது. பிளைபியர்க் குழுவினர் இதனையும் மறைக்காது எடுத்துரைத்தனர்.

இனி, பரிகாரங்கள். மாணவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளல் நன்று.

முதலாவது, ஒரு வேலைக்கு ஒரே நாட்கணக்குச் சொல்லாமல் மூன்று கணக்குச் சொல்லுதல். 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படையின் பணியொன்றிற்காக வகுக்கப்பெற்ற முறை இது. எல்லாம் நன்றாக நடந்தால் ஒரு தளம் போட 20 நாள். வழக்கமாக 24 நாள். எல்லாம் கெட்டால் 40 நாள் என்று கொள்வோம். வழக்கமான நாளை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுத்தால் 26 நாள் வரும். மேஸ்திரி 24 என்பார். கணக்கு 26 என்னும். இரண்டு நாள்தானே என்று எண்ணற்க. பத்து வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரின் இருபது நாளாகும். அந்த இருபது நாளில் பருவமழை தொடங்கிவிடும்.

இரண்டாவது, பிறர் பட்டறிவைக் கணக்கில் சேர்த்தல். நம் மதிப்பீட்டை முடித்த பின்னர், இதுபோன்ற பத்துக் கட்டடங்கள் எத்தனை நாளில், எவ்வளவு செலவில் முடிந்தன என்று விசாரித்து, அதற்கேற்ப ஒரு சேமத் தொகையை ஒதுக்கி வைத்தல் வேண்டும். அத்தொகை வண்ணப் பூச்சுக்கும் அலங்கார வளைவுக்கும் உரியதன்று.

மூன்றாவது, கண்டு கண்டு திருத்துதல். மண்ணியல் பொறியறிஞர் ரால்ப் பெக் என்பார் 1969-இல் இலண்டனில் ஆற்றிய ராங்கின் சொற்பொழிவில் இம்முறையை விளக்கினார். நிலத்தடியில் யாவும் தெரியும் என்று பாவனை செய்யாதே. தெரிந்ததைக் கொண்டு வடிவமை. எது நேர்ந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வை. பணி நடக்கையில் அளந்துகொண்டே இரு. அளவு எல்லை தாண்டினால் எழுதி வைத்ததைச் செய் என்பதே அதன் சாரம். சுரங்கம் செல்லும் வழியில் கட்டடச் சுவர்களில் அளவுக் குறிகள் பொருத்தப்படுவது இதற்காகவே. நிலம் எத்தனை மில்லிமீட்டர் இறங்கிற்று, சுவர் எவ்வளவு சாய்ந்தது, விரிசல் எவ்வளவு அகன்றது என்று அளக்கிறார்கள். ஒன்றை இங்கே வலியுறுத்துவோம். அளப்பவன் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை உடையவனாக இருத்தல் வேண்டும். நிறுத்த உரிமையில்லாத அளவு வெறும் பதிவேடே.

நான்காவது, வேலை செய்பவரைக் கேட்டு வாரத்திட்டம் வகுத்தல். 1990-களில் கிளென் பல்லார்டு, கிரெக் ஹோவெல் என்போர் அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, ஒரு வாரத்தில் முடிப்போம் என்று உறுதி கூறிய வேலைகளுள் ஏறத்தாழப் பாதியே அவ்வாரத்தில் முடிந்ததைக் கண்டனர். மேலிருந்து வரும் ஆணைக்கு 'ஆகட்டும்' என்று தலையசைப்பதே வழக்கமாக இருந்தது. கம்பி வரவில்லை, வரைபடம் வரவில்லை, சாரம் கட்டவில்லை என்று சொல்லத் தொழிலாளிக்கு இடமில்லை. 'முடியாது' என்று சொல்லும் உரிமையை அவனுக்கு அளித்து, முடியாமைக்குரிய காரணத்தை வாரந்தோறும் எழுதி வைத்தபோது திட்டம் நம்பத்தக்கதாயிற்று.

அண்ணல் அம்பேத்கர் அவர்களை இவ்விடத்தில் நினைவு கூர்தல் தகும். 1942 முதல் 1946 வரை அவர் வைசிராய் நிருவாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தார். பாசனமும் மின்சாரமும் அவர் பொறுப்பில் அடங்கின. 1943-இல் தாமோதர் ஆறு பெருக்கெடுத்து அழிவு விளைத்தது. வெள்ளத் தடுப்பு, பாசனம், மின்சாரம் மூன்றும் சேர்ந்த ஒரே திட்டமாக அதனை அமைக்க அவர் முன்னின்றார். வினாடிக்கு 10 இலட்சம் கன அடி நீர் வரினும் தாங்கத்தக்கதாக அத்திட்டம் வரையப்பட்டது. சராசரி வெள்ளத்தை எண்ணாமல் கொடிய வெள்ளத்தை எண்ணி வரைந்தனர் என்பதை நோக்குக. ஆயின், எண்ணிய அணைகள் யாவும் எழவில்லை. 1953 முதல் 1959 வரை முதற்கட்டமாக எழுந்தவை நான்கே. 1978-இல் மீண்டும் பெருவெள்ளம் வந்தது. திட்டத்தைப் பாதியாகக் குறைத்தால் செலவு குறையலாம், இடர் குறைவதில்லை. அது கரையில் குடியிருப்பவன் தலைக்கு மாறுகின்றது.

இங்கேதான் நம் பொருளின் உயிர்நிலை உள்ளது. இடர் எங்கும் மறைந்து போவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றொருவருக்கு மாற்றப்படுகின்றது. உரிமையாளர் ஒப்பந்தக்காரருக்கும், ஒப்பந்தக்காரர் துணை ஒப்பந்தக்காரருக்கும், அவர் மேஸ்திரிக்கும், மேஸ்திரி தினக்கூலிக்கும் அதனைத் தள்ளுகின்றனர். எந்த இடரை எவர் நன்கு அடக்க வல்லாரோ அவரே அதனை ஏற்க வேண்டும் என்பது ஒப்பந்த இயலின் நீதி. நடைமுறையிலோ, அடக்க இயலாதவர் தலையிலேயே அது இறங்குகின்றது.

2014 ஜூன் 28-இல் மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா எனப் பல பகுதிகளிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் அவர்கள். 2023 டிசம்பர் 4-இல், மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரியில் கட்டடத்திற்காகத் தோண்டிய ஆழ்ந்த பள்ளம் சரிந்து இருவர் இறந்தனர். 2025 செப்டம்பர் 30-இல் எண்ணூரில் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து 9 பேர் மாண்டனர். அவர்கள் அசாமிலிருந்து வந்தவர்கள். நம் ஆழ்வார்பேட்டையிலேயே 2024 மார்ச் 28-இல் ஒரு கேளிக்கை விடுதியின் மேற்கூரை வீழ்ந்து அங்கு வேலை செய்த மூவர் இறந்தனர். மெட்ரோப் பணியால் நேர்ந்ததோ என்று மக்கள் ஐயுற்றனர். தம் பணி அவ்விடத்தினின்று விலகி நடந்தது, அதிர்வு எதுவும் பதிவாகவில்லை என்று மெட்ரோ நிறுவனம் விளக்கிற்று. காரணம் எதுவாயினும், மாண்டவர் கூலிக்கு உழைத்தவர்.

பிறரைக் கூறும் நாம் நம் பிழையையும் ஒளிவின்றிக் கூறக் கடமைப்பட்டுள்ளோம். நம் மாணவியர் விடுதிக்குப் புதிய கட்டடம் எழுப்பியபோது, ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் முடிப்போம் என்று அறிக்கை விட்டோம். மூன்று கணக்குப் போடவில்லை. ஒரே கணக்குப் போட்டோம். சேமத் தொகை ஒதுக்கவில்லை. இரண்டிடத்தில் மட்டும் மண்ணைத் துளைத்துப் பார்த்துவிட்டு, போதும் என்று நிறுத்தினோம். அடித்தளம் தோண்டுகையில் ஒரு மூலையில் கடப்பாரை உள்ளே சென்றுகொண்டே இருந்தது. செங்கல் தூளும் குப்பையும் இட்டு மூடிய பழங்கிணறு! அதன்மேல் ஒரு தூண் நிற்க வேண்டியிருந்தது.

அன்று மணல் சுமந்துகொண்டிருந்த முதிய தாய் ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "இங்கே கிணறு இருந்துச்சுங்களே, ஐயா" என்றார். முன்னமே ஏனம்மா சொல்லவில்லை என்றோம். "யாருங்க கேட்டீங்க?" என்றார். அத்துணை துல்லியமாக இடம் எப்படி நினைவிலிருக்கிறது என்று வினவினோம். "நாங்க அதுல சேந்தக் கூடாதுங்க. தள்ளி நின்னு, யாராவது ஊத்தினா வாங்கிக்கிட்டுப் போவோம். நிக்கச் சொன்ன இடம் மறந்து போகுங்களா?" என்றார்.

அச்சொல்லுக்கு மறுமொழி கூற நம்மிடம் ஒன்றும் இல்லை. நம் மக்களின் கல்விக்கென்றே தொடங்கிய கழகம் நாம். நாமும் பொறியாளரைக் கேட்டோம், ஒப்பந்தக்காரரைக் கேட்டோம், பத்திரப் பதிவேட்டைப் புரட்டினோம். கூடை சுமந்தவரைக் கேட்கத் தோன்றவில்லை.

பொறியாளர் அத்தூணை நகர்த்தி, கிணற்றின் இருபுறமும் ஊன்றிய உத்தரத்தால் சுமையைத் தாங்கச் செய்தார். கட்டடம் உறுதியாகவே நிற்கின்றது. ஆனால் மாதங்கள் கழிந்தன, கம்பி விலை ஏறிற்று, மழை வந்தது. விடுதி ஜூனில் திறக்கவில்லை. தை மாதத்தில்தான் திறந்தது. அவ்வாண்டு சேர வந்த பெண்குழந்தைகள் சிலரிடம் அடுத்த ஆண்டு வாருங்கள் என்று கூறி அனுப்பினோம். அவர்களுள் இருவர் அடுத்த ஆண்டு வரவில்லை. கணக்குப் புத்தகத்தில் கூடுதல் செலவு எழுதப்பட்டுள்ளது. அவ்விருவரை எந்தப் பத்தியில் எழுதுவது?

ஆதலின், இக்கழகம் இனி எழுப்பும் எக்கட்டடத்திற்கும் நான்கு விதிகளை முன்மொழிகின்றோம். ஒன்று: எவ்வேலைக்கும் மூன்று கணக்கு, அவற்றுள் நடுக்கணக்கை அறிக்கையில் வெளியிடாது, இடர் சேர்ந்த கணக்கையே வெளியிடுதல். இரண்டு: சேமத் தொகை தனிக் கணக்கில் இல்லாமல் கடைக்கால் தோண்டாமை. மூன்று: வேலை தொடங்குமுன், அத்தெருவில் வாழ்ந்த முதியோரையும் வேலை செய்ய வருவோரையும் ஒருசேர அமர்த்தி, "இவ்வேலை கெட்டுப்போனால் எதனால் கெடும்?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை எழுதி வைத்தல். நான்கு: இது ஆபத்து என்று சித்தாள் ஒருவர் கூறினாலும் பார்த்து முடிவு செய்யும் வரை வேலையை நிறுத்துதல், நிறுத்திய நேரத்திற்குக் கூலி குறைக்காமை.

பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கட்டுமானத் தொழிலாளர்க்கெனத் தமிழ்நாட்டில் நல வாரியம் 1994 முதல் இயங்கி வருகின்றது. கட்டுமானச் செலவில் ஒரு பங்கைத் தொழிலாளர் நலனுக்காகப் பெறும் மைய அரசுச் சட்டம் 1996-இல் வந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அது அடக்கப்பட்டது. விபத்து இழப்பீட்டிற்கும் பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் பதிவு இன்றியமையாதது. பதிவு செய்யாதோரும் புதுப்பிக்காதோரும் நம் கழக அலுவலகத்திற்கு வருக. விண்ணப்பம் எழுதித் தர மாணவர்கள் உளர்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் பொறியாளராகத் தலைக்கவசம் அணிந்து பணியிடத்தில் நிற்பீர்கள். கையில் வரைபடம் இருக்கும். கணிப்பொறியில் ஆயிரம் கணக்குகள் இருக்கும். அவற்றை நன்கு கற்றுக்கொள்ளுங்கள். கணக்கறியாத கருணை கட்டடத்தைத் தாங்காது. கற்ற பின்னர், கூடையை இறக்கி வைத்து நிற்பவர் ஒருவரிடம் சென்று, "அம்மா, இந்த நிலத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேளுங்கள். அவர் உங்கள் தாயாகவும் இருக்கக் கூடும்.